ஓர் என்றால் நிறுத்து

கல்லூரி நோட்டீஸ் போர்டில் அந்தத் தாளை நான் படித்தது படகு மேல் இருந்த ஆசையால் இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். நாடகக் குழுவுக்குத் தேர்வானவர்களின் பட்டியல் அது. என் பெயர் இல்லை. எரிச்சலோடு கண்ணைத் திருப்பினால், ‘பெண்கள் ரோயிங் அணி, முன் அனுபவம் தேவையில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்துவிட்டு அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தவள் நான். நாடகம், விவாதம், நடனம் எதற்குப் போய் நின்றாலும் முதல் கேள்வியே முன் அனுபவம் உண்டா என்பதுதான். அது வேண்டாம் என்று ஒருவர் எழுதியே ஒட்டியிருக்கிறாரே என்ற சந்தோஷத்தில், ரோயிங் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாமலேயே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எங்கள் சந்திலேயே சட்டை தைக்கிற ஒரு கார்கானாவில் காஜா மெஷின் ஓட்டுகிறாள், அதாவது பட்டன் துளை தைக்கிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருஷமாகியும் அவள் பேச்சு ஒரு சொல்கூட மாறவில்லை.

“படகு விடப் போறியாக்கும்? காலேசுல இதுக்கும் பரீச்ச உண்டாட்டி?”

“இது போட்டிம்மா. நாலு பேரு துடுப்புப் போடணும். ஒருத்தி எதுத்தாப்புல உக்காந்து வழி சொல்லுவா. நாங்க போற பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு உக்காருவோம்.”

“போற எடம் தெரியாம போறதுக்கு அஞ்சு பேரா?” என்றாள் அம்மா. வேண்டாம் என்று சொல்லாததால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் நீச்சல் தெரிய வேண்டும் என்றார்கள். மாநகராட்சி நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் போய், குளத்தில் பாதியைக் குடித்து, ஒருவழியாக ஐம்பது மீட்டரை மூச்சு வாங்கிக்கொண்டு கடந்தேன். அதன் பிறகுதான் ஏரிப் பக்கமே விட்டார்கள்.

பயிற்சி பவாய் ஏரியில். சயானில் காலை முதல் ஸ்லோ வண்டிகளில் ஒன்றைப் பிடித்து, காஞ்சூர்மார்க்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கிடைத்ததில் ஏறிப் போய், ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். எங்கள் கோச் மராத்திக்காரர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். யாருடைய பெயரும் அவர் மனதில் நிற்காது. யார் எந்த வண்டியில் வந்து சேர்வார்கள் என்பதுதான் அவருடைய கவலை என்பதால், எல்லாரையும் ஊர்ப் பெயராலேயே கூப்பிடுவார். மாஹிமிலிருந்து வந்த கோலி மீனவப் பெண் ‘மாஹிம்’. ஐரோலியிலிருந்து வந்த அக்கா தங்கை ‘ஐரோலி ஒன்று’, ‘ஐரோலி இரண்டு’. என்னிடம் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டபோது ‘சயான்’ என்றேன். பொய் இல்லை. ரயில் ஏறுவது சயானில்தான். ஆனால் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் எந்த ஊர் வரும் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாஹிமும் ஐரோலி இரண்டு பேரும் போன வருஷமே அணியில் இருந்தவர்கள். நாலாவது ஆள் படிப்பு முடிந்து போய்விட்டாள். ஆக, மூன்றாம் இருக்கை மட்டும் காலி. அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி செம்பூர்க்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவள், நின்றால் என்னைவிட அரை முழம் உயரம். அவளைப் பார்த்த உடனே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதியவர்களுக்கு முதல் ஒன்றரை மாதம் அகலமான பழைய பயிற்சிப் படகுதான். செம்பூரும் நானும் மட்டும் அதில் உட்கார, கோச் கரையோரமாகச் சைக்கிளில் வந்தபடி இந்தியில் கத்துவார். கிளம்பச் சொல்ல ‘சலோ’. நிற்கச் சொல்ல ‘ருகோ’. துடுப்புக்கு ‘சப்பு’. எனக்கு எல்லாம் விளங்கியது. இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். காலால் மிதித்துத் தள்ள வேண்டும், பிறகுதான் கை. துடுப்பு தண்ணீரில் தப்பாக இறங்கினால் பிடி திரும்பி வந்து வயிற்றில் குத்தும். அதற்கு நண்டு பிடிப்பது என்று பெயர். முதல் வாரம் நான் பிடித்த நண்டுகளைப் பார்த்து, “எங்கப்பா கூட இவ்வளவு பிடிச்சதில்லை” என்று மாஹிம் இந்தியில் கேலி செய்தாள்.

ஒரு காலை நண்டே இல்லாமல் பத்து இழுப்பு இழுத்தோம். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே படகு தானாக ஓடியது. அடியில் தண்ணீர் சலசலவென்று போகிற சத்தம் கேட்டது. நான் செய்த ஏதோ ஒன்று இவ்வளவு நன்றாக நடந்து அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் அந்த மூன்றாம் இருக்கை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. சும்மா வேண்டும் இல்லை, கிடைக்காவிட்டால் அழுதுவிடுவேன் என்கிற அளவுக்கு வேண்டும்.

இடையில் சட்டையால் ஒரு சிக்கல். அணிச் சட்டை உடம்போடு ஒட்டி இருக்கும். அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத போட்டுக்கிட்டு ரயில்ல போவியா?” என்று மடித்து வைத்துவிட்டாள். நான் அண்ணனின் தொளதொள சட்டையில் போனேன். இரண்டாம் நாளே சட்டையின் பின் நுனி இருக்கைச் சக்கரத்தில் சிக்கி, தோள்பட்டை வரை கிழிந்து, அசையவே முடியாமல் கரைக்கு வந்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மா கிழிசலைப் பார்த்தாள். சக்கரத்தின் கிரீஸ் கறை அதில் இருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

“மெஷின்ல துணி மாட்டிச்சா?”

“ஆமாம்மா. இருக்கைக்கு அடியில சக்கரம் ஓடும்.”

அவ்வளவுதான். காஜா மெஷினில் துப்பட்டா சிக்கி ஒருத்திக்கு என்ன ஆனது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மடித்து வைத்த அணிச் சட்டையை எடுத்து, என் மேல் வைத்துப் பிடித்து, அதிலும் இடுப்பில் தொளதொளவென்று இருந்த இடத்தை இன்னும் ஒரு விரல் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். “மெஷின்ட்ட போறவளுக்குத் துணி தொங்கப்படாதுட்டி. கூறு வேண்டாமா?” என்று எனக்கே திட்டு விழுந்தது. வேண்டாம் என்று மடித்து வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு பந்தயப் படகில் ஏறும் நாள் வந்தது. நீளமாக, மெல்லியதாக, மூச்சு விட்டாலே ஆடுகிற படகு. அதற்கு வழி சொல்பவளை காக்ஸ் என்பார்கள். கடைசியில், எங்களுக்கு எதிரே முகம் வைத்து உட்கார்ந்து, கயிற்றால் படகைத் திருப்பி, கட்டளை கொடுப்பவள். எங்கள் காக்ஸ் மாதுங்காக்காரி. ஐந்தடிகூட இல்லாத உருவம், கண்ணாடி, சுத்தமான ஆங்கிலம். பரீட்சை முடிந்து அன்றுதான் பயிற்சிக்குத் திரும்பியிருந்தாள். ஏறும்போதே என்னைப் பார்த்து, படகில் வாய் ஒருத்திக்குத்தான், மற்றவர்கள் மூச்சு விடலாம், பேசக் கூடாது என்று ஆங்கிலத்தில் சட்டம் போட்டாள்.

போனது நன்றாகத்தான் போனது, நடுவில் எங்கும் நிறுத்தாமல் வளைந்து திரும்பினோம். திரும்பி வந்து படகுத் துறையை நெருங்கும்போது அவள் குரல் கேட்டது. “ஈஸி ஓர்!”

நான் இழுத்தேன்.

“ஈஸி ஓர்!”

இன்னும் பலமாக இழுத்தேன்.

பம்பாய் இந்தியில் ‘ஔர்’ என்றால் இன்னும் என்று அர்த்தம். அவசரத்தில் சொன்னால் ‘ஓர்’ என்றுதான் காதில் விழும். பஸ் கண்டக்டர் ‘ஓர் ஆகே’ என்பார், முன்னால் நகர வேண்டும். ரயிலில் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், பின்னால் இருப்பவள் ‘ஓர் அந்தர்’ என்பாள், உள்ளே தள்ள வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் தள்ளுவதற்கு என் உடம்பு சின்ன வயதிலேயே பழகிவிட்டது. ஈஸியாக, ஆனால் இன்னும் இழு என்கிறாள் என்று நினைத்தேன். கோச்சும் தினமும் அதைத்தானே சொல்கிறார், உடம்பைத் தளர்த்து, பலத்தைக் கூட்டு என்று? துடுப்புக்கு ஆங்கிலத்தில் ஓர் என்பது பாடப் புத்தகத்தில் படித்ததுதான். அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வரும்? துடுப்பை நிறுத்து என்பதற்கு உலகம் முழுக்க ரோயிங்காரர்கள் சொல்கிற சொல் அது என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் ஒரு பக்கத்தில் என் பலத்தையெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். படகு குறுக்கே திரும்பியது. மாதுங்கா ‘ஈஸி ஓர், ஈஸி ஓர்’ என்று தொண்டை கிழியக் கத்தினாள். சரி, இந்தப் பெண்ணுக்கு என் இழுப்பு ரொம்பவும் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு இழுத்தேன். அப்போதுதான் அது வந்தது.

“கடன்காரி! நிறுத்துடி!”

சட்டென்று நிறுத்திவிட்டேன். தமிழ்! ஆனால் அதற்குள் படகின் மூக்கு துறைப் பலகையில் மோதி, ஐரோலி இரண்டின் துடுப்பு கல்லில் இடித்து அலகு பிளந்துவிட்டது.

கரையில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மாதுங்கா என் முன்னால் வந்து நின்றாள். “நிறுத்துன்னு எத்தனை தடவை கத்தினேன்? காது கேக்காதா நோக்கு?”

“நீ எங்க நிறுத்துன்னு சொன்ன? ஓர், ஓர்னுல்ல கத்துன? ஓர்னா இன்னும் இழுன்னுதான அர்த்தம்?”

எங்கள் தமிழில் ‘ஓர்’ மட்டும் காதில் பிடிபட்டு மாஹிமுக்கு விஷயம் விளங்கி, அவள் சிரிக்க ஆரம்பித்து, துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐரோலிகள் சிரித்தார்கள். செம்பூரும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோச் மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த துடுப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் இருக்கையில் இனிமேல் செம்பூர், சயான் மறு உத்தரவு வரும் வரை கரையில் மெஷினில் என்று சொல்லிவிட்டார்.

மெஷின் என்பது படகுக் கொட்டகையின் மூலையில் கிடந்த பயிற்சி இயந்திரம். அதே ஓடும் இருக்கை, துடுப்புக்குப் பதில் ஒரு சங்கிலி. தண்ணீர் கிடையாது, காற்றுகூட வராது. ஒரு மாதம் அதில் இழுத்தேன். கொட்டகை வாசல் வழியாக, என் இருக்கையில் செம்பூர் போவதும் வருவதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். கோபம் வந்தால் எனக்கு ஒரே வழிதான் தெரியும், சங்கிலியை இழுப்பது. கை கொப்புளித்து, உடைந்து, மறுபடி கொப்புளித்து, கடைசியில் காய்த்துப் போனது. அம்மா என் உள்ளங்கையைத் திருப்பித் தடவிப் பார்த்தாள். “கத்திரி பிடிக்கவ கை மாதிரி ஆயிட்டு,” என்றாள். அவள் குரலில் இருந்தது கவலை மட்டும் இல்லை, கொஞ்சம் பெருமையும்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

மாதுங்கா ஸ்டேஷன் சயானுக்கு ஒரு நிறுத்தம் முந்தியது. அதாவது அவள் ஏறிய வண்டியிலேயே, பல நாள் அதே லேடீஸ் டப்பாவிலேயே, அடுத்த நிறுத்தத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தேன். தமிழ் தெரியும் என்று இருவருக்கும் தெரிந்த பிறகும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். ஒரு நாள் இடமில்லாமல் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. விக்ரோலி வரை பொறுத்தேன்.

“உடைஞ்சது உன் துடுப்பு இல்லையே. என்னை இறக்கணும்னு கோச்கிட்ட நீதான சொன்ன?”

“ஆமா, நான்தான் சொன்னேன்,” என்றாள் அவள், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு. “நான் சொல்றது புரியாதவாளை வெச்சிண்டு நான் எப்படிப் படகு ஓட்டறது?”

“புரியாதது என் தப்பா? என் காது பம்பாய்க் காது. நீ வாய மாத்து.”

“உலகம் பூரா ஈஸி ஓர்னுதான் சொல்லுவா.”

“உலகம் பூரா இருக்கிறவங்க லேடீஸ் டப்பால வர்றாங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு ஒரு மாதிரி யோசித்துவிட்டு, “சயான்ல எங்க இருக்கே?” என்றாள்.

“ஸ்டேஷனுக்கு மேற்கே.”

“தாராவின்னு சொல்லேன். அதுக்கு ஏன் திசை சொல்றே?”

திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் அவள் கேலியாகக் கேட்கவில்லை. அன்று ஏரிக்குப் போனதும் நேராகக் கோச்சிடம் போய், நான் சயான் இல்லை, தாராவி என்றேன். அவர் நேர அட்டவணையிலிருந்து தலையைத் தூக்கி, “தாராவியில் ஸ்டேஷனே இல்லையே, ஸ்டேஷன் இல்லாத ஊரை வைத்து நான் எப்படிக் கூப்பிடுவேன்?” என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் மாதுங்கா மூன்றாம் இருக்கைக்கு என்னை ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம் என்று கோச்சிடம் சொல்லியிருந்தாள். இறக்கச் சொன்னவளே ஏற்றவும் சொன்னாள். தண்ணீரில் கொஞ்ச தூரம் போனதும் அவள், “பஸ்!” என்றாள். இந்தியில் ‘போதும்’. நாலு துடுப்பும் ஒரே நேரத்தில் நின்றன. அவள் புருவத்தை உயர்த்தினாள். பிறகு, சோதித்துப் பார்க்கிறவளைப் போல மெதுவாக, “ஓர்,” என்றாள். நான் இழுத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், மற்ற மூவரும் என்னோடு சேர்ந்து இழுத்தார்கள். அவர்களும் பஸ்ஸிலும் ரயிலிலும் வளர்ந்தவர்கள்தானே. ஓர் என்றால் நிறுத்து என்று ஒரு வருஷமாக மண்டையில் ஏற்றி வைத்திருந்தார்கள், உடம்பு அதை ஒப்புக்கொண்டதே இல்லை போலிருக்கிறது. படகு துள்ளிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து எங்கள் படகில் நிறுத்த ‘பஸ்’. ‘ஓர்’ என்பது கடைசி இருபது இழுப்புக்கு, உள்ளதையெல்லாம் கொட்டிவிடு என்பதற்கு. ஏரியில் வேறு எந்த அணிக்கும் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் கிடையாது.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு கோச் கடிகாரத்தை வைத்துச் சோதனை நடத்தினார். அதே படகு, அதே தூரம், மூன்றாம் இருக்கையில் முதலில் செம்பூர், பிறகு நான், பிறகு மறுபடி செம்பூர், மறுபடி நான். நேரத்தை யாருக்கும் காட்டவில்லை. கரையேறியதும் பந்தயத்துக்கென்று வந்த எண் போட்ட சட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, “மூன்று,” என்றார். நான் அழவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய்த்தான் அழுதேன். செம்பூர் என்னோடு பத்து நாள் பேசவில்லை. அது நியாயம்தான், அவள் இடத்தில் நானாக இருந்தால் ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன். ஆனாலும் பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தாள். அதனால் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. தோற்றால் எல்லாரும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்கள், செம்பூரை வைத்திருக்கலாம் என்று. நானே சொல்லிக்கொள்வேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான பந்தயம் அதே ஏரியில் ஒரே நாளில் நடந்தது. காலையில் தகுதிச் சுற்று, மதியத்துக்கு முன் இறுதி. தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்து இறுதிக்குள் நுழைந்தோம். ஆனால் மாதுங்காவின் ஒலிபெருக்கி பாதியில் செத்துவிட்டது. மீதியைத் தொண்டையாலேயே கத்தி முடித்தாள். கரைக்கு வந்தபோது அவள் குரல் பாதிதான் இருந்தது. செம்பூர் எங்கிருந்தோ பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து அவளைக் குடிக்க வைத்தாள்.

இறுதிக்கு முன் காக்ஸ்களைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார்கள். காற்றில் ஆகாயத்தாமரை புறப்படும் இடத்துக்கு நகர்ந்து வந்துவிட்டதால் பந்தயத் தடத்தை அப்படியே கொஞ்சம் தள்ளியிருக்கிறார்கள். முடிவுக் கோடு காலையில் இருந்த இடத்தில் இல்லை, ஐந்தாறு இழுப்பு தள்ளிப் போயிருக்கிறது. பழைய மிதவை தடத்துக்கு ஓரமாகத் தாமரையில் சிக்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாதுங்கா பரீட்சை எழுதுகிறவளைப் போல அதைப் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

இறுதியில் மூன்று படகுகள். பக்கத்து வரிசையில் போன வருஷம் ஜெயித்த நீலச் சட்டைக்காரிகள். கொடி விழுந்ததும் அவர்கள் சட்டென்று முன்னால் போய்விட்டார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதில் இது ஒரு கொடுமை. உங்களை முந்தியவர் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார். பின்தங்கியவரைத்தான் பார்க்க முடியும். என் கண்ணெதிரே மாஹிமின் முதுகு, அதற்கு அப்பால் மாதுங்காவின் முகம், அதற்கும் அப்பால் மூன்றாவது படகு. நீலம் எங்கேயுமே இல்லை.

பாதித் தூரத்தில் பக்கவாட்டில் அவர்கள் காக்ஸின் தொப்பி தெரிந்தது. அப்படியானால் நாங்கள் எட்டிப் பிடிக்கிறோம். பிறகு ஒரு நீல முதுகு. நுரையீரல் எரிந்தது. தொடை என்னுடையது மாதிரியே இல்லை. இரண்டாவது நீல முதுகு தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பத்து இழுப்பு, பதினைந்து இழுப்பு, அதற்கு மேல் ஒரு சாண்கூட வரவில்லை. இனி மாதுங்கா அந்தச் சொல்லைச் சொன்னால்தான் உண்டு. அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடி காற்று. அவள் கண்ணில் தெரிந்த திகிலை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். போச்சு, செம்பூரை வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்போது கணீரென்று கேட்டது. “ஈஸி ஓர்!”

நாங்கள் நாலு பேரும் இழுத்தோம். யார் சொன்னது என்று யோசிக்கவில்லை. ஓர் என்று கேட்டது, உடம்பு தள்ளியது. படகு தண்ணீரிலிருந்து எழும்பியது போல இருந்தது. ஒரு இழுப்பில் மூன்றாவது நீல முதுகு வந்தது, அடுத்ததில் நாலாவது, அதற்கடுத்ததில் அவர்கள் படகின் மூக்கே என் கண்ணெதிரே வந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், அவர்களின் துடுப்புகள் அசையவில்லை. பழைய மிதவையைத் தாண்டியதும் பந்தயம் முடிந்தது என்று நினைத்து ‘ஈஸி ஓர்’ என்று நிறுத்தச் சொன்னது அவர்களுடைய காக்ஸ். கரையிலிருந்து அவர்களின் கோச் தலையில் கை வைத்துக் கத்துவது தெரிந்தது. அவர்கள் பதறி மறுபடி துடுப்பைப் போடுவதற்குள் எங்களுக்கு ஹாரன் ஊதிவிட்டது.

ஜெயித்துவிட்டோம். அவர்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்று பிறகு பல பேர் கேட்டார்கள். தெரியாது. அவர்கள் நிறுத்திய சொல்லுக்கு நாங்கள் இழுத்தோம், அது மட்டும் தெரியும்.

ஆனால் படகு நிற்கவில்லை. ‘பஸ்’ என்று யாரும் சொல்லவில்லையே. மாஹிம் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறாள், எனக்குப் பின்னால் ஐரோலிகள் இழுக்கிறார்கள், நானும் இழுக்கிறேன். மாதுங்கா அழுதுகொண்டே சிரித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதானது. கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினாள். என்னையே பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் இல்லாவிட்டாலும் அந்தச் சொல் எனக்குத் தெரிந்த சொல்தான்.

படகில் வாய் ஒருத்திக்குத்தான் என்பது சட்டம். அந்த ஒரு தடவை அதை நான் உடைத்தேன்.

“பஸ்! பஸ்! நிறுத்துங்கடி கடன்காரிகளா!”

நாலு துடுப்பும் நின்றன. படகு தானாக ஓடி, வேகம் குறைந்து, ஆகாயத்தாமரையின் ஓரத்தில் உரசி நின்றது. மாதுங்கா முன்னால் சாய்ந்து, மாஹிமின் தோளுக்கு மேலே கையை நீட்டி, நான் முன்னால் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். துறையில் செம்பூர் துள்ளித் துள்ளிக் குதிப்பது தெரிந்தது. அவள் பக்கத்தில் கோச், பந்தயம் நடத்துபவர்களிடமிருந்து பிடுங்கிய மைக்கோடு நின்றார். ஏரி முழுக்க அவர் குரல் கேட்டது.

“ஏ தாராவி! ஆஜ் ருக் கயீ க்யா?”

இன்றைக்கு மட்டும் நிறுத்திவிட்டாயா என்று கேட்கிறார். கரையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, காய்த்துப் போன கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கிக் காட்டினேன்.